‘உங்க பேரு என்ன தம்பி?’

உங்களை மிரட்டுகிறவன் கையில் என்ன இருக்கிறது? ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். வாரன்ட் கிடையாது. கோர்ட் ஆர்டர் கிடையாது. காக்கிச் சட்டை கிடையாது. ஒரு சிம் கார்டு இருக்கிறது. ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. உங்கள் பெயருக்கு நேரே ஒரு தொகையும், அது வசூலானால் அவனுக்கோ அவன் ஏஜென்சிக்கோ வந்து சேரும் கமிஷனும் இருக்கின்றன. மிச்சம் எல்லாவற்றையும் அவன் உங்கள் பயத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறான்.

“நாளைக்குக் காலையில போலீஸோட வர்றோம்.” “தெருவுல எல்லாருக்கும் தெரியிற மாதிரி பண்ணிடுவோம்.” “பொண்ணு காலேஜுக்குப் போன் போடவா?” இந்த வசனங்களைக் கேட்டு நடுங்கிப் போய், போனை சைலன்ட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்காகவும், ஆபீஸில் போன் அடித்தாலே பாத்ரூமுக்கு ஓடும் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நிமிருங்கள். குனியக் குனியக் குட்டுவார்கள். குட்டுகிறவன் நிறுத்துவான் என்று காத்திருக்காதீர்கள்.

முதலில் ஒன்றைப் பேசித் தீர்த்துவிடுவோம். வாங்கிய கடனைத் திருப்பித் தரத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வசதி இருந்தும் டிமிக்கி கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். வேலை போனவர்கள், வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் கொட்டியவர்கள், ஆர்டர் நின்றுபோன பவர்லூம்காரர்கள், மழையில் வெள்ளாமையைப் பறிகொடுத்தவர்கள், இவர்களோடுதான் எனக்குப் பேச்சு. உங்களுக்கும் வங்கிக்கும் இருப்பது ஒரு ஒப்பந்தம். அதில் அசல் எழுதியிருக்கிறது, வட்டி எழுதியிருக்கிறது, தவணை எழுதியிருக்கிறது. தவணை தவறினால் உங்களை “ஏய்” என்று கூப்பிடலாம் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

‘போலீஸ் வரும், பிடித்துக்கொண்டு போகும்’ என்பதுதான் மிரட்டல்களிலேயே பெரியது. இதை உடைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கடன் கட்ட முடியாமல் போவது நம் நாட்டில் குற்றம் இல்லை. அது சிவில் விவகாரம். கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வழக்குப் போட வேண்டும், உங்கள் பக்கத்தைக் கோர்ட் கேட்க வேண்டும், பிறகு தீர்ப்பு வர வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் எடுத்த எடுப்பில் ஜெயில் கிடையாது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கையில் காசு வைத்துக்கொண்டே கெட்ட எண்ணத்தோடு ஏய்க்கிறான் என்று நிரூபித்தால் வேறு பேச்சு. வெறும் வறுமைக்காக ஒரு மனிதனைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்துக்கே ஒவ்வாது. நாற்பது வருஷத்துக்கு மேல் பழசான இந்தத் தீர்ப்பு, போனில் கத்துகிற ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிவில் நடைமுறைச் சட்டம் என்று 1908ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவைப் பெண்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். பணம் கட்டச் சொல்லிக் கோர்ட்டே தீர்ப்புக் கொடுத்திருந்தாலும், அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கோர்ட் உத்தரவிடக் கூடாது. கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் பைக்கில் வருகிற பையனுக்கு எங்கிருந்து வந்தது?

அதே சட்டத்தின் 60ஆம் பிரிவையும் பாருங்கள். ஜப்தி என்று வந்தாலும் சில பொருள்களைத் தொடக் கூடாது என்று அது பட்டியல் போடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதை நெல். தாலியும் அடுப்படியும் தையல் மிஷினும் எப்படிப்பட்ட வேலிக்குள் இருக்கின்றன என்று தெரிகிறதா? (மற்ற நகைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) “மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவோம்” என்று ஒருவன் சொன்னால் அவன் சட்டம் பேசவில்லை, திருட்டைப் பேசுகிறான்.

தைரியம் என்பது கண்ணை மூடிக்கொள்வதும் இல்லை. விதிவிலக்கு இரண்டு உண்டு. நீங்கள் கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி குற்ற வழக்காகலாம். வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து 15 நாள்தான் அவகாசம். மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சம்மதம் கொடுத்திருந்து, அங்கே பணம் இல்லாமல் திரும்பினாலும் அதேபோல் வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே போன் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள், பதிவுத் தபாலில் வரும் நோட்டீஸை மட்டும் பிரிக்காமல் பரணில் போடாதீர்கள். வீட்டை அடமானம் வைத்த கடனில் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

இனி அந்தப் போன் அழைப்புக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. பெயர் சொல்லாமல் பேசக் கூடாது. நொடிக்கு நொடி போன் போட்டுத் தொல்லை பண்ணக் கூடாது. ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. ரெஃபரன்ஸுக்குக் கொடுத்த நண்பரையும், வீட்டாரையும் இழுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அசிங்கமாக மெசேஜ் அனுப்பக் கூடாது. ஏஜென்ட் செய்யும் அத்தனைக்கும் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. “அது ஏஜென்சி ஆளுங்க சார், எங்களுக்கு சம்பந்தமில்லை” என்று கிளையில் கையை விரித்தால் அந்தப் பதில் செல்லாது. எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கைக் கொடுத்திருக்கிறது என்று வங்கி உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் 2008இலிருந்தே இருக்கும் விதி.

இப்போது ஒரு சாயங்காலம் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“லோன் விஷயமா பேசுறேன். எப்பம்மா பணம் கட்டப் போற?”

“உங்க பேரு என்ன தம்பி?”

“பேரெல்லாம் எதுக்கு? டியூ கட்டுவியா மாட்டியா?”

“பேரு சொல்லுங்க. எந்த ஏஜென்சி? பேங்க்ல உங்களுக்குக் கொடுத்த லெட்டரை போட்டோ எடுத்து அனுப்புங்க.”

“என்ன, ரூல்ஸ் பேசுறியா? நாளைக்கு வாசல்ல வந்து நின்னா தெரியும்.”

“இப்ப மணி ஏழே முக்கால். ஏழுக்கு மேல நீங்க கூப்பிடக் கூடாது. நீங்க பேசுறது ரெக்கார்டு ஆகுது. பாக்கி எவ்வளவுன்னு பேங்க்ல எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும், அவங்ககிட்டயே பேசிக்கிறேன்.”

கவனியுங்கள். இந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. பதிலுக்குத் திட்டவில்லை. கடன் இல்லை என்று பொய்யும் சொல்லவில்லை. முக்கியமாக, “வெள்ளிக்கிழமை எப்படியாவது கட்டிடறேன்” என்று தேதி கொடுக்கவில்லை. பயத்தில் கொடுக்கும் தேதிதான் அடுத்த மிரட்டலுக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் அடி. அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் பக்கத்துத் தெருவில் மீட்டர் வட்டிக்கு வாங்கி, சின்னக் குழியிலிருந்து ஏறிப் பெருங்குழியில் விழுகிறோம். அந்தப் பேச்சை மறுபடி படியுங்கள். கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே பேரைக் கேளுங்கள். பேர் கேட்டவுடனே லைனைக் கட் பண்ணுகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அந்தப் பையனும் பாவம்தான், மறுக்கவில்லை. அவனுக்கும் மாச டார்கெட் இருக்கும், மேலே ஒரு டீம் லீடர் அவனைத் திட்டிக்கொண்டிருப்பான். ஆனால் அவன் வேலையைக் காப்பாற்ற உங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மகளிர் குழுக் கடன் வாங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே மிரட்டல் போனில் மட்டும் வருவதில்லை. வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் அவள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, இருட்டிய பிறகும் நகராமல், “பணம் வராம நாங்க எந்திரிக்க மாட்டோம்” என்று சட்டம் பேசுவது ஊர் ஊராக நடக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து நுண்கடனுக்கு என்றே ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். வந்தாலும் நேரக் கட்டுப்பாடு அதேதான்.

இன்னொரு விதியைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கே போகும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது. மாதம் 20,000 ரூபாய் வருகிற வீட்டில் எல்லாத் தவணையும் சேர்த்து 10,000ஐத் தாண்டக் கூடாது. நாலு கம்பெனி வரிசையில் வந்து கையெழுத்து வாங்கி, கட்ட முடியாத அளவுக்குக் கடனைத் தலையில் கட்டிவிட்டுப் பிறகு “வாங்கத் தெரிஞ்சவளுக்குக் கட்டத் தெரியாதா?” என்று கேட்கிறார்களே, கொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதா என்று திருப்பிக் கேளுங்கள். குழுவில் இருக்கும் மற்ற அக்கா தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. இன்று அவள் வாசலில் உங்களை உட்கார வைக்கிறவன் நாளை அவளை உங்கள் வாசலில் உட்கார வைப்பான்.

லோன் ஆப்காரர்கள் கதை வேறு. உங்கள் போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, சித்தப்பாவுக்கும் பழைய வாத்தியாருக்கும் உங்கள் போட்டோவை அசிங்கமாக ஒட்டி அனுப்புகிறவர்கள் அவர்கள். கடன் ஆப் எதுவும் உங்கள் தொடர்பு எண்களையும் கேலரியையும் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே விதி வந்துவிட்டது. தொடுகிறது என்றாலே, விதியை மதிக்காத கும்பல் என்று புரிந்துகொள்ளுங்கள். இங்கே செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். ஆத்திரத்தில் ஆப்பை அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், நம்பர், பணம் வந்த கணக்கு, போன கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்து நீக்குங்கள். 1930க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அவன் அனுப்புவதற்கு முன்னால் நீங்களே உங்கள் தொடர்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: “என் நம்பரைத் திருடிய ஒரு மோசடி ஆப் என் பெயரில் பொய்ப் படங்கள் அனுப்பலாம். திறக்காமல் எனக்குச் சொல்லுங்கள், போலீஸில் கொடுக்கிறேன்.” அந்த ஒரு வரி போனதும் அவன் கையிலிருந்த கத்தி மழுங்கிவிடும். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதானே மிரட்டினான்? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், மணி வட்டி எல்லாவற்றுக்கும் 2003இலிருந்தே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. அந்த வட்டியை வாங்குகிறவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். அந்தச் சட்டம் இருந்தும்தான் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்கு இரையானது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 2025இல் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. கடன் வாங்கியவரையோ அவர் குடும்பத்தையோ மிரட்டி, பின்தொடர்ந்து, வற்புறுத்தி வசூலித்தால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

ஸ்டேஷனுக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “இது பேங்க் மேட்டரும்மா. வாங்குனதைக் கட்டிட்டுப் போ.” அங்கே தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடாதீர்கள். சொல்லுங்கள்: “பணத்தைப் பத்தி நான் புகார் கொடுக்கலை சார். மிரட்டலைப் பத்திக் கொடுக்கிறேன்.” மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவின்படி குற்றம். போலீஸ் என்று பொய் சொல்லிப் பேசியிருந்தால் அது தனிக் குற்றம். பெண்ணிடம் ஆபாசமாகப் பேசியிருந்தால் இன்னொன்று. புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாங்காமல் வெளியே வராதீர்கள். எழுதிக்கொள்ளவே மாட்டேன் என்றால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது. ரெக்கார்டு செய்த போனை விற்காதீர்கள், ஃபார்மேட் பண்ணாதீர்கள். கோர்ட் அசலைக் கேட்கும்.

ஸ்டேஷனுக்குப் போனாலும் போகாவிட்டாலும் வங்கிக்கு எழுதிக் கொடுப்பதை விடக் கூடாது. நீளமாக எழுத வேண்டாம். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த நம்பரிலிருந்து பேசி, இப்படி மிரட்டினார்கள். என் வருமானம் இந்தக் காரணத்தால் குறைந்திருக்கிறது. மாதம் இவ்வளவு என்னால் கட்ட முடியும், தவணையை மாற்றித் தாருங்கள். அவ்வளவுதான். கிளையில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், இல்லாவிட்டால் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். அபராதம் என்று போட்டிருக்கும் தொகைக்குக் கணக்குக் கேளுங்கள். அபராதத்தை வட்டியாகப் போடுவதும், அதன் மேல் வட்டி ஏற்றுவதும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இல் சொல்லிவிட்டது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பூசி மெழுகியிருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ஒரு பைசா கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 14448இல் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

இத்தனை சொல்லியும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது வீட்டுக்குள் இருக்கிறது. தனியாகத் தாங்குவதுதான் நம்மைக் கொல்கிறது. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, எவ்வளவு, யாரிடம், எதற்கு வாங்கினோம் என்று சொல்லிவிடுங்கள். சண்டை வரும். வரட்டும். தெரிந்த கடனுக்கு ஆளாளுக்கு வழி சொல்வார்கள், மறைத்த கடனுக்கு யாரும் வர முடியாது. மனசு அந்த இருட்டுப் பக்கம் போகிறது என்றால் இந்த நிமிஷமே 14416க்குப் போன் பண்ணுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது நீங்கள். பாக்கி இல்லாத பாஸ்புக்கை அவர்கள் கேட்கவில்லை.

பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வங்கியே இறங்கி வந்தால் நல்லதுதான், ஆனால் வாய்வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள். எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று லெட்டர்ஹெட்டில் வரட்டும். ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது, கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தள்ளுபடி வாங்கி முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும், பிறகு கடன் கிடைப்பது சிரமம் என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். முழுதாகக் கட்டிவிட்டால் நோ டியூ சர்டிபிகேட்டைக் கையில் வாங்காமல் அந்தக் கிளையை விட்டு நகராதீர்கள்.

கட்டி முடித்த பிறகும் சிபிலில் பாக்கி என்றே காட்டினால் புகார் கொடுங்கள். அதைத் திருத்த வங்கிக்கும் சிபிலுக்கும் 30 நாள் அவகாசம். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அடமானம் வைத்த வீட்டுப் பத்திரத்தையும் அதே 30 நாளில் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். தவணை தவறியது இப்போது அவர்கள். காலண்டரில் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, காலை 8 மணிக்கு மேல் போன் போட்டு, மரியாதையாகவே கேளுங்கள்: “எப்ப சார் கட்டப் போறீங்க?”